லிங்க் விளக்கு எரியுது, டேட்டா வரலை

போன மாதம் கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் 12 பெட்டிகள் மாட்டினோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பீகிள்போன் பிளாக் போர்டு, லினக்ஸ் ஓடும் சின்ன கணினி. ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை எடுத்து ஆபீஸில் இருக்கும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். கேட்க சின்ன வேலையாகத்தான் இருந்தது. சென்சார் பக்கம் சொன்ன நாளுக்கு முன்பே முடிந்தது, புரோகிராமும் முடிந்தது. நெட்வொர்க் கேபிள்தான் நாட்களைத் தின்றது. கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், அப்புறம் வேலை முடிந்தது என்று நினைக்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

வைஃபை போட்டால் கேபிள் செலவு மிச்சம் என்று முதலில் பேச்சு வந்தது. ஷெட் முழுக்க ஆளுயர இரும்பு ஃபிரேம்கள் வரிசையாக நிற்கின்றன, மேலே தகர டக்ட், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு இன்வெர்ட்டர். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன், நாலாவது ஃபிரேமைத் தாண்டியதும் சிக்னல் விழுந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, போர்டுக்கு வருவோம். பீகிள்போன் பிளாக் 2013-ல் வந்த போர்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்3358 புராசசர், 512 எம்பி மெமரி. புராசசருக்குள் இருக்கும் ஈத்தர்நெட் (கேபிள் நெட்வொர்க்) பகுதி கிகாபிட் வரை போகக்கூடியது, ஆனால் போர்டில் அதற்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஃபை சிப் லேன்8710ஏ, அது 10, 100 மெகாபிட் மட்டும்தான் பேசும். எங்கள் வேலைக்கு 1 மெகாபிட்டே தாராளம், அதனால் அது குறையே இல்லை. ஆனால் இந்த இரண்டு பகுதி என்கிற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டேட்டாவைக் கட்டி அனுப்பும் மேக் புராசசருக்குள் இருக்கிறது, அதைக் கம்பியில் போகும் சிக்னலாக மாற்றும் ஃபை வெளியே இருக்கிறது, நடுவில் எம்டிஐஓ என்ற இரண்டு கம்பி வழியாக ஒன்று மற்றொன்றிடம் நலம் விசாரிக்கிறது. நெட்வொர்க் வரவில்லை என்று யாராவது சொன்னால் அது மேக்கிலா, ஃபையிலா, கேபிளிலா, எதிர்முனையிலா, இல்லை ஐபி முகவரியிலா என்று கீழிருந்து மேலே ஒவ்வொரு படியாக ஏறி வருவதுதான் என் வழக்கம். மேலிருந்து இறங்கினால் தலை சுற்றும்.

எந்த போர்டானாலும் முதல் வேலை சீரியல் கன்சோல், அதாவது நெட்வொர்க் இல்லாமல் தனி கேபிள் வழியாக போர்டோடு பேசுவது. நெட்வொர்க்கைச் சோதிக்கும்போது நெட்வொர்க் வழியாகவே உள்ளே போய் உட்கார்ந்திருந்தால், அது அறுந்த நிமிஷம் நாமும் வெளியே. பீகிள்போனில் ஜே1 என்று ஆறு பின் வரிசை ஒன்று உண்டு. முதல் பின் கிரவுண்ட், நாலாவது பின்னில் போர்டு டேட்டாவை வாங்கும், ஐந்தாவது பின்னில் அனுப்பும். 3.3 வோல்ட் சீரியல் கேபிள்தான் வேண்டும், 5 வோல்ட் கேபிளை மாட்டிப் புராசசரைப் போக்கிவிடாதீர்கள். வேகம் 115200. இதை மாட்டிவிட்டு மின்சாரம் கொடுத்தால் யூ-பூட் (துவக்கும் புரோகிராம்) தொடங்கி லினக்ஸ் கெர்னல் வரை எல்லாம் வரிவரியாக ஓடும், ஃபை கிடைத்ததா இல்லையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த போர்டில் புதிதாக வருகிறவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகினால் அந்த யுஎஸ்பி மேலேயே ஒரு நெட்வொர்க் உருவாகும், போர்டுக்கு 192.168.7.2, லேப்டாப்புக்கு 192.168.7.1. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், படிப்பு முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நல்ல கெட்டிக்காரர், "அண்ணா ஈத்தர்நெட் ஓகே, பிங் போகுது" என்று வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் பிங் (பதில் வருகிறதா என்று அனுப்பிப் பார்க்கும் சின்ன பாக்கெட்) அத்தனையும் யுஎஸ்பி வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது, ஈத்தர்நெட் கேபிளின் மறுமுனை மேசைக்குக் கீழே தொங்கியது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு விதி: ஈத்தர்நெட் சோதனை என்றால் யுஎஸ்பியைப் பிடுங்கு, லேப்டாப்பில் வைஃபையை அணை, சீரியல் மட்டும் இருக்கட்டும்.

மேசையில் லேப்டாப்பையும் போர்டையும் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக இணைத்தேன். ஈத்டூல் (லிங்க் நிலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) அடித்துப் பார்த்தால் வேகம் 100, ஃபுல் டூப்ளக்ஸ் (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்), லிங்க் இருக்கிறது. ஐபி முகவரியைக் கையால் கொடுத்தேன், டிஎச்சிபி (சர்வரே முகவரி கொடுக்கும் முறை) வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. ஒரு போர்டில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு அந்த இமேஜை (முழு சிஸ்டத்தின் பிரதியை) அப்படியே மற்ற 11-க்கும் நகலெடுத்தோம். மேக் முகவரி புராசசருக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் அது ஒவ்வொன்றுக்கும் வேறுவேறாகத்தான் வரும். ஆனால் லினக்ஸில் மெஷின்-ஐடி என்று ஒரு கோப்பு இருக்கிறது, அது இமேஜோடு சேர்ந்து நகலாகிவிடுகிறது. லினக்ஸில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி டிஎச்சிபி சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அந்த ஐடியைத்தான் பயன்படுத்தும், அதனால் இரண்டு போர்டு ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிவிடும். கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்கினால் சரியாகிவிடும், அதையும் செய்தேன், இருந்தாலும் ஃபிரேம் எண்ணும் ஐபியின் கடைசி எண்ணும் ஒன்றாக இருந்தால் நாளைக்கு ஃபிட்டர் ஒருவருக்குப் போனில் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஏழாவது ஃபிரேம் என்றால் 107. அவ்வளவுதான்.

பிங் போனது. அதோடு நிறுத்தாமல் பெரிய பாக்கெட்டும் அனுப்பிப் பாருங்கள். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் அனுப்பினால், அதோடு பிங்கின் ஐசிஎம்பி ஹெட்டர் 8, ஐபி ஹெட்டர் 20 சேர்ந்து சரியாக 1500, ஈத்தர்நெட் ஒரு தடவையில் சுமக்கும் முழு அளவு. சின்ன பிங் போய் இது போகவில்லை என்றால் நடுவில் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஐபெர்ஃப்3, லிங்க்கில் உண்மையில் கிடைக்கும் வேகத்தை அளக்கும் புரோகிராம். இதில் வரும் எண்ணைப் பார்த்து "100 மெகாபிட் லிங்க்தானே, ஏன் 94 வருகிறது, எங்கே போனது மீதி" என்று கேட்பவர்கள் நிறைய. எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு 1500 பைட்டுக்கும் கம்பியில் கூடவே 38 பைட் போகிறது: முன்னோட்டம் 8, ஹெட்டர் 14, சோதனைத் தொகை 4, இரண்டு ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு (கம்பியில் போகும் டேட்டா மூட்டை, ரிங் ஃபிரேம் இல்லை) நடுவில் விடும் இடைவெளி 12. அந்த 1500-க்குள்ளும் ஐபி, டிசிபி, நேரமுத்திரை எல்லாம் போக நம் டேட்டா 1448. 1448-ஐ 1538-ஆல் வகுத்துப் பாருங்கள், 94.1 சதவீதம். என் மேசையில் இரண்டு பக்கமும் 94.1 வந்தது. எனக்கு இந்த எண்ணைப் பார்த்தால் ஒரு சந்தோஷம், ஏனென்றால் கணக்கும் கம்பியும் ஒரே விடையைச் சொல்கின்றன. 94 வந்தால் எல்லாம் நலம். 80 வந்தால் காரணம் தேடு. 5 வந்தால் கணினியை விட்டு எழுந்து கேபிளைப் போய்ப் பார்.

மேசையில் செய்த இன்னொரு சோதனை, ராத்திரி முழுக்க மின்சாரத்தைப் போட்டுப் போட்டு அணைப்பது. இந்த போர்டில் மின்சாரம் வந்ததும் எப்போதாவது ஃபை கண்ணில் படாமலே போகும் பழைய தொல்லை ஒன்று உண்டு, பல வருஷமாகப் பலரும் பார்த்தது. ஃபை சிப் ரீசெட்டிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் சில பின்களின் நிலையைப் படித்து "என் முகவரி இது, என் முறை இது" என்று முடிவு செய்துகொள்ளும், அப்போது தவறாகப் படித்துவிட்டால் எம்டிஐஓவில் கூப்பிட்ட முகவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். மில்லில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பது சாதாரணம், ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. ஒரு ரிலே வைத்து 200 தடவை அணைத்துப் போட்டேன், 2 தடவை ஃபை வரவில்லை. 200-ல் 2 என்பதைச் சின்னதாக நினைக்காதீர்கள், 12 பெட்டி இருக்கிறது. துவக்கத்திலேயே ஈத்தர்நெட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி ரீசெட் கொடுக்கும் ஸ்கிரிப்டைச் சேர்த்தேன், மூன்று முறைக்கு மேல் முயலாதே என்று வரம்பும் வைத்தேன். அடுத்த ராத்திரி 200-க்கு 200.

இப்படி எல்லாம் முடித்து மில்லுக்குக் கொண்டுபோனோம். முதலில் மாட்டிய மூன்றாவது ஃபிரேமிலேயே கோளாறு. லிங்க் வருகிறது, போகிறது, வருகிறது. கேபிள் ஏறத்தாழ 60 மீட்டர். கேபிள் இழுத்தவர் டெஸ்டரை மாட்டிக் காட்டினார், ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "கேபிள் நல்லாத்தானுங்க இருக்கு." அவர் சொன்னதில் பொய் இல்லை, டெஸ்டர் அப்படித்தான் சொன்னது. மேசையில் ஓடிய போர்டு, டெஸ்டர் தேறிய கேபிள், அப்புறம் என்ன?

போர்டுக்குள் போய் ஈத்டூலில் எண்ணிக்கைகளை எடுத்தேன். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆனால் பலர் பார்ப்பதே இல்லை. வாங்கிய ஃபிரேம் எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு, சிஆர்சி (முன்பு சொன்ன சோதனைத் தொகை) தவறிய ஃபிரேம் எவ்வளவு என்று ஈத்தர்நெட் பகுதி தானாகவே எண்ணிக்கொண்டு இருக்கிறது, கேட்டால் சொல்லும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி கேட்டேன், சிஆர்சி பிழை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. அதாவது பிட்டுகள் கம்பியில் வரும்போதே சிதைகின்றன. இதற்கு சாஃப்ட்வேர் மருந்து கிடையாது.

கனெக்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கிளிப் கீழே இருக்க, பின்கள் மேலே பார்க்க, இடமிருந்து வலமாக நிறங்களைப் படித்தேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பார்க்க அழகான வரிசை, ஜோடி ஜோடியாக. கோளாறே அந்த அழகில்தான் இருந்தது. நாலாவது இடத்தில் நீலம் வர வேண்டும், ஐந்தாவதில் வெள்ளை-நீலம், ஆறாவதில்தான் பச்சை. 100 மெகாபிட் ஈத்தர்நெட் 1, 2 ஒரு ஜோடி, 3, 6 ஒரு ஜோடி என்று இரண்டே ஜோடிகளைப் பயன்படுத்துகிறது. மூன்றும் ஆறும் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளாக இருந்தால்தான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இங்கே மூன்றில் வெள்ளை-பச்சை, ஆறில் நீலம். வேறு வேறு முறுக்கு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பாக அடித்திருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, இரண்டிலிருந்து இரண்டுக்குக் கரண்ட் போகிறது, டெஸ்டருக்கு அது போதும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்று விலை குறைந்த டெஸ்டருக்குத் தெரியாது. இரண்டு மீட்டர் கேபிளில் இந்தத் தப்பு பெரும்பாலும் தெரியவே தெரியாது. 60 மீட்டரில், அந்த இரைச்சலைக் கிளப்பும் இன்வெர்ட்டர்களுக்குப் பக்கத்தில், ஒளிய இடமில்லை.

வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தோம். உறையை உரித்து, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், கம்பிகளை விரலால் நீவி நேராக்கி, வெட்டி, கனெக்டரின் நுனிவரை எட்டு செம்பும் முட்டுகிறதா என்று முன்பக்கம் திருப்பிப் பார்த்து, வெளியுறையும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அமுக்கினோம். உறை வெளியே நின்றுவிட்டால் ஃபிரேமின் அதிர்வில் கம்பி மாதக்கணக்கில் ஆடி ஒருநாள் அறுந்துபோகும். கேபிள் இழுத்தவர் பொறுமையாகப் பக்கத்தில் நின்று பார்த்தார், இதேபோல் தப்பாக இருந்த மற்ற கேபிள்களையும் அன்று மாலைக்குள் அவரே திருத்தி அடித்துக் கொடுத்தார். பிழை எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது.

இரண்டாவது கோளாறு இதைவிட மோசம், ஏனென்றால் அது வெளியே தெரியவில்லை. ஏழாவது, எட்டாவது ஃபிரேம்கள். லிங்க் விளக்கு நிலையாக எரிகிறது, ஒரு தடவைகூட விழவில்லை. பிங் 100-க்கு 100. கேபிள் சரி, நிறம் சரி. ஆனால் ஷிஃப்ட் முடியும்போது பெட்டி சேர்த்துவைத்த டேட்டாவை மொத்தமாக அனுப்பும், அப்போது திணறி நின்றுவிடும். சர்வருக்கு டேட்டா வரவில்லை, திரையில் ஏழும் எட்டும் "நின்றது" என்று சிவப்பில் வந்தன. ஆனால் நான் ஏழாவது ஃபிரேமுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தன, அந்த ஃபிரேமைக் கவனிக்கும் சைடரம்மா அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே நடந்துபோனார். என்னை நெஞ்சில் உறுத்தியது அதுதான். ஃபிரேம் ஓடும்போது திரை நின்றது என்று சொன்னால் கேள்வி போர்டுக்குப் போகாது, அந்த அம்மாவுக்குத்தான் போகும்.

மில் எலக்ட்ரீஷியன் அண்ணன், முப்பது வருஷ சர்வீஸ், என்னோடு கூடவே இருந்தார். "ஏனுங்க தம்பி, லைட்டுதான் எரியுதுங்களே, பிங்கும் போகுதுங்கறீங்க, அப்பறம் என்னங்க?"

"லைட்டு எரியறது ரெண்டு பக்கமும் உயிரோட இருக்குன்னு மட்டும்தாங்கண்ணா சொல்லும். ரெண்டும் ஒரே மாதிரி பேசுதான்னு பாக்கணும்."

ஈத்டூலைப் பார்த்தால் வேகம் 100, டூப்ளக்ஸ் ஹாஃப். இன்றைக்கு எந்த சுவிட்சிலும் ஹாஃப் என்று கண்ணில் பட்டாலே அங்கேயே நில்லுங்கள், அதைத் தாண்டி எதையும் தேடாதீர்கள். கீழே இன்னொரு வரி: எதிர்முனை ஆட்டோ நெகோஷியேஷன் (வேகத்தையும் டூப்ளக்ஸையும் இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்வது) செய்யவில்லை என்றது. எண்ணிக்கையில் லேட் கொலிஷன் ஏறிக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். அந்த இரண்டு ஃபிரேம்களின் கேபிள் செருகிய போர்ட்டுகளும் (துளைகள்) ஒரு பழைய மேனேஜ்டு சுவிட்சில், அதாவது அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சில் இருந்தன, எந்தக் காலத்திலோ வேறொரு இயந்திரத்துக்காக யாரோ அவற்றை 100 ஃபுல் என்று பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டினால் சுவிட்ச் பேச்சுவார்த்தைக்கே வராது. எங்கள் போர்டு ஆட்டோவில் காத்திருந்து, எதிரே பதில் இல்லாமல், வரும் சிக்னலின் தன்மையை வைத்து 100 என்று மட்டும் கண்டுபிடித்துக்கொள்ளும். டூப்ளக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியே இல்லை, தெரியாவிட்டால் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பது விதி. இப்போது சுவிட்ச் எப்போது வேண்டுமானாலும் பேசும், போர்டோ ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்று நம்புகிறது. போர்டு ஒரு பெரிய ஃபிரேமைப் பாதி அனுப்பும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் "மோதல்" என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். முதல் 64 பைட்டுக்குப் பிறகு வரும் இந்த மோதல்தான் லேட் கொலிஷன், ஒழுங்காக அமைந்த நெட்வொர்க்கில் அது நடக்கவே கூடாது. சுவிட்ச் பக்கம் அந்தப் பாதி ஃபிரேம் சிஆர்சி பிழையாகக் கணக்கில் ஏறும். பிங் ஏன் நன்றாகப் போனது? நொடிக்கு ஒன்று, அதுவும் சின்னது, போனபின் தான் பதில் வருகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் சந்தர்ப்பமே பெரும்பாலும் இல்லை. ஐபெர்ஃப்3 ஓட விட்டேன், 5 மெகாபிட்டைத் தாண்டவில்லை, நடுநடுவே பூஜ்யம்.

போர்டையும் ஃபுல் என்று பூட்டிவிடலாமே என்று தம்பி கேட்டார். வேலை செய்யும். ஆனால் அந்தப் பழைய சுவிட்ச் ஒருநாள் போய், கடையிலிருந்து புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினால், அது ஆட்டோவில் இருக்கும், இதே கோளாறு தலைகீழாகத் திரும்பி வரும், அன்றைக்கு நாம் அங்கே இருக்க மாட்டோம். அதனால் மில்லின் ஐடி ஆளைக் கேட்டு சுவிட்ச் பக்கம் இரண்டு போர்ட்டையும் ஆட்டோவுக்கு மாற்றினோம். விளக்கு ஒரு நொடி அணைந்து எரிந்தது. 94.1.

அன்று ராத்திரியே சர்வர் பக்கமும் ஒன்றை மாற்றினேன். பெட்டியிலிருந்து டேட்டா வரவில்லை என்றால் இனி "நின்றது" என்று காட்டாது, "தகவல் இல்லை" என்று சாம்பல் நிறத்தில் காட்டும். நின்றது என்று பெட்டியே சொன்னால் மட்டும்தான் சிவப்பு. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் 24 மணி நேரம் எல்லாப் பெட்டிகளையும் ஓடவிட்டு, நடுவில் வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கினேன், பத்து நிமிஷம் கழித்துச் செருகினேன், சுவிட்சின் மின்சாரத்தை அணைத்தேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். பிடுங்கிய நேரத்து டேட்டா போர்டிலேயே சேர்ந்திருந்து, திரும்ப இணைந்ததும் ஒரு வரிகூட விடாமல் சர்வருக்குப் போனதா என்று எண்ணிப் பார்த்தேன். பத்தாவது பெட்டியில் கனெக்டர் கிளிப் உடைந்திருந்தது, பார்க்க நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது, லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மாற்றினோம். ஜாக்குகளுக்குள் பஞ்சு போகாமல் இருக்க கேபிள் நுழையும் இடத்தில் கிளாண்ட் போட்டு இறுக்கினோம்.

இப்போது ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஐபி, சுவிட்ச் போர்ட் எண், கேபிள் நீளம், வேகம், டூப்ளக்ஸ், ஐபெர்ஃப்3 எண், 24 மணி நேரத்துக்குப் பிறகு சிஆர்சி பிழை எவ்வளவு, லேட் கொலிஷன் எவ்வளவு, தேதி. 12 தாளிலும் கடைசி இரண்டும் பூஜ்யம். கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏழாவது பெட்டியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே வரை படித்தார். "தம்பி, இந்த எண்ணெல்லாம் நானே எடுக்கற மாதிரி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க, மாசத்துக்கு ஒருக்கா பாத்து வெச்சுக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.